உரிந்துபோன பெயர்கள்

அருங்காட்சியகத்தின் பின்கட்டு அறையில், ஸ்பிரிட் நிரப்பிய கண்ணாடி ஜாடிக்குள் மாதக்கணக்காகச் செத்துக் கிடந்த பாம்பு, ஒரு திங்கட்கிழமை மதியம் சட்டை உரித்தது. உரிந்த சட்டை ஜாடியின் கழுத்துவரை எழும்பி மிதந்தது. பாம்பு முன்பைவிடப் பளபளப்பாக, ஆனால் முன்போலவே செத்த நிலையில், அடியில் சுருண்டு கிடந்தது. அதே நேரத்தில் அதன் பெயரும் உரிந்துபோனது. ஜாடியில் ஒட்டியிருந்த சீட்டில் இரண்டு சொற்கள் இருந்தன. முதல் சொல், குடும்பப் பெயர் மாதிரி, அதன் பங்காளிப் பாம்புகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. அது அப்படியே இருந்தது. இரண்டாவது சொல்தான் இந்தப் பாம்பின் சொந்தப் பெயர். அது இருந்த இடம் வெறும் காகிதமாகிவிட்டது. அதைப் பற்றிய கட்டுரை வந்த ஆய்விதழின் அச்சான பிரதிகளிலும், எந்த நூலகத்தில் எடுத்துப் பார்த்தாலும், அந்தச் சொல் வரவேண்டிய இடங்கள் பல் விழுந்த மாதிரி காலியாகக் கிடந்தன. அந்தப் பெயரை வைத்த ஆய்வாளருக்கே அது நினைவில்லை. தொண்டைவரை வந்து நிற்கிறது என்பார்களே, அதுகூட இல்லை. தொண்டைக்குக் கீழேயும் ஒன்றும் இல்லை.

அந்தப் பாம்பு வந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். துறைமுகத்தை ஒட்டிய மரக்கிடங்கில் பலகை அடுக்கிக்கொண்டிருந்த சுமைதூக்கி ஒருவரின் கையில் எறும்பு கடித்தது போல ஏதோ சுருக்கென்றது. அவர் உதறிவிட்டு மேலும் ஒரு லாரிக்குப் பலகை ஏற்றினார். அதற்குப் பிறகு அவருடைய இமைகள் தொங்க ஆரம்பித்தன. தூக்கம் வருகிறது என்று சொல்லி உட்கார்ந்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே புட்டி புட்டியாக விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். அது வேறு பாம்புகளுக்கான மருந்து. ஒரு பூட்டுக்கு இன்னொரு பூட்டின் சாவியைப் போட்டுத் திருகுவது போல டாக்டர்கள் திருகிப் பார்த்துக் கைவிட்டார்கள். கூட வேலை செய்தவர்கள் கடப்பாரையால் அடித்துச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்த பாம்பை, என்ன செய்வதென்று தெரியாமல் ஆஸ்பத்திரிக்காரர்கள் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள்.

அருங்காட்சியகத்தில் அதை வாங்கிக்கொண்டவரைத் தெருவில் எல்லோரும் பாம்பக்கா என்பார்கள். வாழ்க்கையில் பாதியைப் பாம்புகளின் செதில் எண்ணுவதிலேயே கழித்தவர். முதுகுச் செதில் எத்தனை வரிசை, வயிற்றுச் செதில் எத்தனை, வாலடியில் எத்தனை, நச்சுப்பல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துப் பார்த்து, சோறு வைக்கும்போதுகூட உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார். இந்தப் பாம்பை எண்ணியபோது கணக்கு எதோடும் ஒத்துப்போகவில்லை. அறையிலிருந்த எல்லா ஜாடிகளையும் இறக்கி ஒப்பிட்டார். வேறு ஊர்களிலிருந்து மாதிரிகள் வரவழைத்தார். கடைசியில் சந்தேகமே இல்லை: இதுவரை யாரும் எழுதாத பாம்பு. அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து, தராசு பழுதுபார்க்கும் தன் கணவரிடம், “கெடச்சிடுச்சுங்க” என்று மட்டும் சொன்னார். என்ன கிடைத்தது என்று அவர் கேட்கவில்லை. மனைவியின் அந்த முகத்தை அவர் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

பெயர் வைக்கும் உரிமை கண்டுபிடித்தவருக்கு உண்டு. பாம்பக்கா சுமைதூக்கியின் வீட்டைத் தேடிப் போனார். கொடியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த அவருடைய மனைவியிடம், உங்கள் வீட்டுக்காரர் பெயரை இந்தப் பாம்புக்கு வைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“கொன்ன பாம்புக்கே அவரு பேரா?”

“கோவப்படாதீங்க. இது ஒரு மரியாதை. உலகம் இருக்கற வரைக்கும் புத்தகத்துல அவரு பேரு இருக்கும்.”

அந்தப் பெண் மடித்த சட்டை ஒன்றை மறுபடி பிரித்து, மறுபடி மடித்தார். கணவருடைய சட்டை. “உலகம் இருக்கற வரைக்குமா?” என்று கேட்டார். பிறகு, “சரி, வைங்க” என்றார்.

அப்படி வைத்த பெயர்தான் அந்தத் திங்கட்கிழமை உரிந்தது. பாம்பிடமிருந்து மட்டும் உரிந்திருந்தால் பரவாயில்லை. சுமைதூக்கியிடமிருந்தும் உரிந்துவிட்டது. கிடங்கின் வருகைப் பலகையிலிருந்தும், கல்யாணப் பத்திரிகையிலிருந்தும், கல்லறையிலிருந்தும், அவரைப் பெற்ற தாயின் வாயிலிருந்தும் அந்தப் பெயர் ஒரே மதியத்தில் போயிற்று. மறுநாள் காலையில் அருங்காட்சியகத்தின் கதவு திறக்கும் முன்பே அவர் மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“மேடம், எனக்கு அவரு மேல கோவம் வந்தாத்தான் பேரு சொல்லிக் கூப்பிடுவேன். மத்த நேரமெல்லாம் ‘ஏங்க’தான். நேத்து பூரா கோவம். இப்படி விட்டுட்டுப் போய்ட்டாரேன்னு வாய் விட்டுத் திட்டலாம்னு பாக்கறேன், பேரு வரல. குடுத்த பேரத் திருப்பிக் குடுங்க.”

பாம்பக்காவால் ஜாடியைக் காட்ட மட்டுமே முடிந்தது. அந்தப் பெண் ஜாடியை வெகுநேரம் பார்த்தார். உள்ளே மிதந்த சட்டையையும் பார்த்தார். அன்றிலிருந்து வாரத்தில் பாதி நாள் வேலை முடிந்து வந்து, ஜாடிக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வது வழக்கமாயிற்று. காவலாளி தடுத்துப் பார்த்தார். பாம்பக்கா, “விடுங்க, இருக்கட்டும்” என்றார்.

உயிரினங்களின் பெயர் செல்லுமா செல்லாதா என்று தீர்ப்புச் சொல்ல எங்கோ ஒரு குழு இருக்கிறது. பெயர் காணாமல்போனதைச் சொல்லி, வேறு பெயர் வைத்துக்கொள்ளலாமா என்று பாம்பக்கா அவர்களைக் கேட்டார். ஓர் உயிருக்கு ஒரு பெயர்தான், முதலில் வைத்ததே செல்லும், இதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் வைத்தாகிவிட்டது, எனவே இன்னொன்று செல்லாது என்று குழு சொல்லியது. அப்படியானால் அந்த முதல் பெயரையே உறுதிசெய்யுங்கள் என்றார். தாராளமாகச் செய்கிறோம், அது என்ன பெயர் என்று தெரிவியுங்கள் என்றது குழு. தெரியாது என்றார். தெரியாமல் இருப்பது பெயரின் குற்றமல்ல என்று பதில் வந்தது. அன்று வீட்டில் பாம்பக்கா தட்டை நகர்த்திவிட்டு எழுந்துகொண்டார். “எடைக்கல்லயும் காணோம்பாங்க, எடையும் சரியா இருக்கணும்பாங்க,” என்றார் கணவர். “சாப்பிட்டுட்டுத் திட்டு. வெறும் வயித்துல திட்டினா உனக்குத்தான் தலவலி.”

திட்டுவதற்கு நேரமும் இல்லை. மரக்கிடங்கில் அதற்குள் இன்னும் சிலரைப் பாம்பு கடித்திருந்தது. யாரும் பிழைக்கவில்லை. பலகை அடுக்குக்குள்ளிருந்து உயிரோடு பிடித்த ஒரு ஜோடி, பின்கட்டு அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அவற்றின் விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால், குதிரையின் ரத்தத்திலிருந்து மருந்து எடுக்கலாம். அதைச் செய்யும் தொழிற்சாலைக்குப் போய்ப் பாம்பக்கா மேலாளரைப் பார்த்தார். மேலாளர் நல்லவர். நாற்காலி போட்டு உட்காரவைத்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “மேடம், பேரில்லாத விஷத்தக் குதிரைக்குப் போட சட்டத்துல எடமில்ல” என்றார். “செல்லுதோ செல்லலயோ, ஏதோ ஒரு பேரு அச்சுல வந்திருக்கணும். பேரக் கொண்டாங்க, நாளைக்கே ஊசி போடறேன்.”

எனவே செல்லாத பெயராக இருந்தாலும் ஒன்று வைத்துவிடுவது என்று பாம்பக்கா துணிந்தார். இந்த முறை ஆள் பெயர் வேண்டாம் என்று பாம்பு கிடைத்த தெருவின் பெயரை வைத்தார். ஆய்விதழ் தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும் முன்பே ஜாடியில் பாம்பு மறுபடி சட்டை உரித்தது. தெருவின் பெயர் போயிற்று. தெருமுனைப் பலகை நீல நிறத்தில் சும்மா நின்றது. தபால்காரர் அந்தத் தெருவுக்கான கடிதங்களை, முகவரியில் எதுவுமே எழுதாதவை என்று தனியாகப் பிரித்து, எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். ஆனால் ஆட்டோக்காரர்களிடம் வழி சொல்லி மாளாமல் தெருக்காரர்கள் பாம்பக்காவின் வீட்டு வாசலில் வந்து கத்திவிட்டுப் போனார்கள்.

அடுத்து நிறத்தை வைத்தார். அந்தப் பாம்பின் நிறம் ஈரச் சாம்பலும் பாசியும் கலந்த மாதிரி இருக்கும். அதற்கென்று மொழியில் ஒரு சொல் இருந்தது. நல்ல சொல் என்று வயதானவர்கள் சொல்கிறார்கள். அது போன பிறகு, பெயின்ட் கடையில் ஒரு வரிசை டப்பாக்கள் மூடியில் எழுத்தில்லாமல் நின்றன. துணிக்கடையில் பெண்கள் விரலை நீட்டி, “அந்தா, அது… அது மாதிரி” என்று சொல்லத் தொடங்கினார்கள். காலப்போக்கில் அந்த நிறத்தில் உடுத்துவது குறைந்துபோனது. கேட்டு வாங்க முடியாததை யார் உடுத்துவார்கள்? மொழியாசிரியர்கள் கூட்டம் போட்டுக் கண்டித்தார்கள். பாம்பக்கா தலையைக் கையில் தாங்கிக்கொண்டு, செதில் எண்ணும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அதற்குப் பிறகு பல நாள் அதைக் கையால் தொடவில்லை.

அருங்காட்சியகத்தின் இயக்குநருக்கு இதெல்லாம் வேறு விதமாகப் பட்டது. அவருடைய பெயரில் கட்டடத்தின் ஒரு பகுதியே இருந்தது. அவர் பின்கட்டுக்கு வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜாடியைச் சுற்றி நடந்தார்.

“என்னம்மா நீங்க, பலகை தூக்கறவன் பேரு, சந்து பேரு, சாயத்தோட பேருன்னு வெச்சா எப்படி நிக்கும்? வெயிட்டா ஒரு பேரு வைக்கணும்.”

“வேணாம் சார். சொன்னாக் கேளுங்க.”

“நிக்கும். என் பேர வைங்க.”

அது ஆணை. பாம்பக்கா வைத்தார். இயக்குநரின் பெயர் மற்றவற்றைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தாங்கியது என்பதை நியாயமாகச் சொல்லவேண்டும். விஷம் எடுத்துப் புட்டியில் அடைத்து அனுப்பவும் செய்தார்கள். ஆனால் வண்டி தொழிற்சாலை வாசலில் நுழைந்தபோது அவருடைய அறைக் கதவின் பித்தளைப் பலகை வெறும் பித்தளையாகிவிட்டது. மேலாளர் வண்டியைத் திருப்பி அனுப்பினார். இயக்குநருக்கு வீட்டில் எந்த மாற்றமும் தெரியவில்லை, அவருடைய மனைவி எப்போதும் “இங்க பாருங்க” என்றுதான் கூப்பிடுவார். அலுவலகத்தில்தான் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்து, காகிதத்தில் ஒரு புள்ளி வைத்து, அப்படியே உட்கார்ந்திருப்பார். ஓய்வுபெற்றபோது நடந்த பாராட்டு விழாவில் பேசியவர்கள் எல்லோரும், “நம்முடைய…” என்று சொல்லி நிறுத்தி, கைதட்டிவிட்டு இறங்கினார்கள். கடைசிவரை அவர் பாம்பக்காவோடு பேசவில்லை. உங்கள் ஆணைதானே என்று அவரிடம் சொல்ல பாம்பக்காவுக்கு எத்தனையோ முறை நாக்கு துறுதுறுத்தது.

இப்படியே வருடங்கள் போயின. பாம்பக்காவின் தலைமுடி நரைத்தது. கிடங்கில் வேலைக்கு ஆள் வருவது குறைந்தது. ஒரு மாலையில் பாம்பக்கா கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல், இனிமேல் வைக்க ஒன்றும் மிச்சமில்லை, என் பெயரையே வைத்துவிடுகிறேன், போனால் போகட்டும் என்று சலித்துக்கொண்டார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சுமைதூக்கியின் மனைவிக்கு எங்கிருந்து அப்படியொரு ஆத்திரம் வந்ததோ தெரியாது. ஸ்டூல் கவிழ எழுந்துவிட்டார்.

“ஏன்க்கா, இத்தன வருஷமா நல்ல நல்ல பேரா பாத்துப் பாத்து எடுத்துக் குடுக்கறீங்களே, அதுக்கு என்ன வேண்டுதலா? என் புருஷன் பேரத் தூக்கிக் குடுத்தீங்க. அவரு போனதுக்கப்புறம் எங்க தெருவுல எனக்கு ஒரு பேரு வெச்சிருக்காளுங்க, தெரியுமா? நான் எதுக்க வந்தா அதைச் சொல்லிட்டு வீட்டுக்குள்ள திரும்பிப் போறாளுங்க. கொழந்தைங்ககூடச் சொல்லுது. அதக் குடுங்க. அது போனா எவ அழப்போறா?”

பாம்பக்கா துடைப்பதை நிறுத்தினார். அது என்ன பெயர் என்று கேட்டார். அந்தப் பெண் சொன்னார். சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டார். பாம்பக்காவுக்கு முகம் சிவந்தது. இதையா உங்களைக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அன்றே உட்கார்ந்து, அந்தச் சொல்லுக்கு விதிப்படி லத்தீன் விகுதியாக ஒரு வால் சேர்த்து, செதில் கணக்குகளோடு ஆய்விதழுக்கு அனுப்பினார். எந்தச் சொல் என்று இங்கே எழுத முடியாது. கூச்சத்தால் அல்ல. அந்தச் சொல் இப்போது இல்லை.

அது அச்சில் வந்தது. தொழிற்சாலை மேலாளர் இதழைப் பிரித்துப் பெயர் இருப்பதைப் பார்த்த மறு நிமிடமே, மறுபடி ஏதாவது நடப்பதற்குள், குதிரைகளுக்கு முதல் ஊசியைப் போட்டுவிட்டார். தொடங்கும்போது பெயர் இருக்கவேண்டும் என்றுதான் சட்டம். முடியும்வரை இருக்கவேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. குதிரைகள் விஷத்துக்குப் பழகிக்கொண்டிருந்த ஒரு வெயில் நாளில் ஜாடியில் பாம்பு சட்டை உரித்தது. அன்று சுமைதூக்கியின் மனைவி தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். எதிரே வந்த இரண்டு பெண்கள் அவரைப் பார்த்து வாயைத் திறந்தார்கள். ஒன்றும் வரவில்லை. திறந்த வாயைச் சும்மா மூடமுடியாமல் ஒருத்தி, “தண்ணி… நல்லா வருதா?” என்று கேட்டாள். “வருது” என்றார் இவர். குடம் நிரம்பி வழிந்தது. அவர் குழாயை மூடாமல் நின்றுகொண்டிருந்தார்.

பின்கட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பாம்பக்கா தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். உங்கள் வீட்டுக்காரர் பெயரை மட்டும் என்னால் மீட்டுத் தரவே முடியவில்லை என்றார். எத்தனையோ வருடமாகச் சொல்ல நினைத்தது அது.

“விடுங்கக்கா. அவருக்கு நானே வேற பேரு வெச்சுட்டேன்.”

“என்ன பேரு?”

“உங்ககிட்ட சொல்லுவனா?” என்றார் அந்தப் பெண்.

அதன் பிறகு பெயருக்குப் பஞ்சமில்லாமல் போயிற்று. விஷயம் எப்படியோ பரவி, ஞாயிற்றுக்கிழமைகளில் அருங்காட்சியகத்தின் பின்வாசலில் ஆட்கள் நின்றார்கள். பள்ளியில் வைத்த பட்டப்பெயர் தாத்தாவான பிறகும் கூடவே வருகிறது என்று ஒரு தையல்காரர் கொண்டுவந்து கொடுத்தார். காலைச் சாய்த்து நடந்ததற்காக வைத்த பெயர், தெத்துப்பல்லுக்காக வைத்த பெயர், ஓடிப்போன அக்காவுக்காகத் தங்கைக்கு வைத்த பெயர் என்று வந்தன. ஒரு பெரியவர், தான் இளம் வயதில் வேறொருவருக்கு வைத்த பெயர் ஒன்றைக் கொண்டுவந்து, இதையும் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டுத் தலைகுனிந்து நின்றார். குதிரைகளுக்கு ஊசி போடும் ஒவ்வொரு சுற்றுக்கும் பாம்பக்கா ஒன்றை எடுத்து அச்சிட்டார். ஒவ்வொன்றையும் குழு செல்லாது என்றது. பாம்பும் தவறாமல் உரித்தது. பாம்பக்காவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. வாழ்நாள் முழுக்க எண்ணிய எண்ணிக்கைக்கு, உலகத்துப் பாம்புகளின் பட்டியலில் ஒரு வரி கிடையாது. புதுப் பட்டியல் வரும் ஒவ்வொரு முறையும் புரட்டிப் பார்ப்பார். பங்காளிப் பாம்புகள் வரிசையாக நிற்கும், நடுவில் ஒரு விரலகலம் காலியாக இருக்கும். பட்டென்று மூடிவைத்துவிட்டுக் கணவரிடம் எரிந்து விழுவார். தொழிற்சாலை மேலாளருக்கும் எரிச்சல்தான்: மருந்துப் புட்டிகளில் ஒட்டிய லேபிள்கள் கிடங்கிலேயே வெறுமையாகிவிடுகின்றன, வெற்று லேபிளை எந்த ஆஸ்பத்திரி வாங்கும்? ஆனால் வாங்கினார்கள். மற்ற எல்லாப் புட்டியிலும் பாம்பின் பெயர் இருந்ததால் குழப்பம் எதுவும் வரவில்லை. பேரு தங்காத பாம்பு என்று மக்கள் சொல்லத் தொடங்கினார்கள். அதைப் பெயராக ஏற்பீர்களா என்று பாம்பக்கா ஆசையோடு கேட்டார். அது பெயரே அல்ல என்றது குழு. பாம்பும் அப்படியே நினைத்திருக்கவேண்டும். அதை மட்டும் உரிக்கவில்லை.

ஓய்வுபெறுவதற்குக் கொஞ்சம் முன்பு, ஒரு பகல் பொழுதில், விஷம் எடுக்கும்போது கண்ணாடிப் பெட்டியிலிருந்த பாம்பு பாம்பக்காவின் கட்டைவிரலில் கடித்தது. கணவர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் நர்ஸ், “என்ன பாம்பும்மா?” என்று கேட்டார். பாம்பக்கா முறைப்படி பேரினத்திலிருந்து, பங்காளிகளுக்குப் பொதுவான அந்த முதல் சொல்லிலிருந்து, தொடங்கினார். முதுகுச் செதில் வரிசையைச் சொன்னார். சொந்தப் பெயருக்கு வந்ததும் நின்றார். அந்தச் சுற்றுக்கு வைத்த பெயர் அன்று காலையில்தான் உரிந்திருந்தது. “அதோட பேரு… இருங்க… அதோட…” இமைகள் தொங்கத் தொடங்கியிருந்தன. ஆனாலும் கோபத்தில் கட்டில் விளிம்பை அடித்தார். “எண்ணினவளே நான்தான்! எனக்கே வரலன்னா எப்படி?”

“ஏங்க, பேரு தங்காத பாம்புங்க,” என்றார் கணவர், நர்ஸிடம்.

“அதா? வந்ததும் சொல்லக்கூடாதா?” என்று கடிந்துகொண்டே நர்ஸ் குளிர்பெட்டியைத் திறந்து, தேடாமல் கையை விட்டு, ஒரு புட்டியை எடுத்தார்.

மறுநாள் பாம்பக்கா கண் விழித்தார். முதல் வேலையாக, எனக்கு ஏற்றிய மருந்தைக் காட்டுங்கள் என்று நர்ஸிடம் கேட்டார். நர்ஸ் காலிப் புட்டியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். பாம்பக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணுக்கு அருகே கொண்டுவந்து, லேபிளை ஓரம் விடாமல் பார்த்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. சரியான மருந்துதான் என்று சொல்லிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.